அப்பாவிடம் வலியை எப்படிச் சொல்வது?

கேள்வி: எனக்கு 14 வயது. குலசேகரம் பக்கம் ஊர். அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டு வேலை. ஒரு காலத்தில் எங்கள் பக்கத்து டோர்னமென்ட்களில் அப்பா பந்து போட வந்தால், ரோட்டில் போகிறவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்களாம். நானும் சின்ன வயதிலிருந்தே அவரோடுதான் பந்து போடுகிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் ஐந்து ஓவர், சனி ஞாயிறு பையன்களோடு மேட்ச் என்று போய்க்கொண்டிருந்தது. மாசி மாதம் இலை உதிர்ந்து வெட்டு நிறுத்தியதிலிருந்து அப்பா வீட்டில்தான் இருக்கிறார். கும்பப்பூ நெல் அறுத்த வயலும் காலியாகக் கிடக்கிறது. அதனால் காலையில் ஐந்து ஓவர், சாயங்காலம் பத்து ஓவர் என்று ஆகிவிட்டது.

ஒரு மாதமாக இடுப்புக்குச் சற்று மேலே, முதுகில் இடது பக்கம் வலிக்கிறது. நான் வலது கையால் வேகப் பந்து போடுகிறவள். பந்தை விடும் நேரத்தில் சுரீர் என்று பிடிக்கிறது. ராத்திரி யாருக்கும் தெரியாமல் தைலம் தேய்த்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் மாவட்ட அணித் தேர்வு இருக்கிறது. இப்போது வந்திருக்கும் கோச் என் ஆக்‌ஷன் ஆபத்து என்கிறார். அதைச் சொன்னதும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பா தோள் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு ஃபைனல் ஆடி ஜெயித்தவர். அதோடு அவர் தோள் போய்விட்டது. "எனக்குக் கிட்டாதது ஒனக்குக் கிட்டும் மக்ளே" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். வலி என்று சொன்னால் எல்லாம் நின்றுவிடும். பந்து போடவில்லை என்றால் நானும் அப்பாவும் என்ன பேசுவோம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்? (பெயர் போட வேண்டாம்.)

பதில்: அன்பு மகளே, இதை நீ படிக்கிற நாளிலிருந்து பந்து போடாதே. ஒரு ஓவரும் வேண்டாம், மெதுவாகவும் வேண்டாம். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் உன் முதுகைப் பற்றிப் பேசிவிடலாம். நான் விளையாட்டு வீரர்களுக்குச் சிகிச்சை தருகிற பிசியோதெரபிஸ்ட். வளர்கிற வயது, வேகப் பந்து, பந்து போடும் கைக்கு எதிர்ப் பக்கத்தில் கீழ் முதுகு வலி என்ற மூன்றும் ஒரே கடிதத்தில் வந்தால், எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு முதலில் வருகிற சந்தேகம் எலும்பில் கீறல் என்பதுதான். கீறல்தான் என்று கடிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தசைப் பிடிப்பாகவும் இருக்கலாம். ஆனால் இல்லை என்று ஒரு டாக்டர் சொல்லும் வரை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நடப்பதுதான் சரி.

ஏன் எதிர்ப் பக்கம் என்று உனக்குத் தோன்றலாம். நீ ஓடி வந்து இடது காலை ஊன்றும் நொடியை நினைத்துப் பார். வேகப் பந்து வீச்சில் அந்த ஒரு காலில் இறங்கும் விசை உடல் எடையைப் போல ஐந்து மடங்கைக்கூடத் தாண்டும். அதே நொடியில் முதுகு பின்னால் வளைந்திருக்கிறது, இடது பக்கமாகச் சாய்கிறது, கூடவே திரும்பவும் செய்கிறது. கீழ் முதுகில் இருக்கும் ஐந்து முள்ளெலும்புகளில் கடைசி இரண்டு மூன்றுக்குத்தான் இதில் அடி அதிகம். அந்த எலும்புகளின் பின்பக்கத்தில் இரண்டு பக்கமும் ஒடுங்கிய ஒரு பகுதி உண்டு. நீ சாய்கிற இடது பக்கத்தில் அந்த இடம் ஒவ்வொரு பந்துக்கும் நெரிபடுகிறது. 14 வயதில் உயரம் வேகமாகக் கூடும், எலும்பு கெட்டிப்படுவது அந்த வேகத்துக்கு வராது. முதுகெலும்பு முழுதாகக் கெட்டிப்பட இருபது வயதைத் தாண்ட வேண்டும்.

கீறல் ஒரே நாளில் விழுவதில்லை. முதலில் எலும்புக்குள் ஒரு வீக்கம் மாதிரி வரும். அந்தக் கட்டத்தில் நிறுத்தினால் எலும்பு தானே ஆறிவிடும். நிறுத்தாமல் போட்டால் மெல்லிய விரிசலாகும், அதற்கும் மேலே போட்டால் முழுதாகப் பிரிந்துவிடும். முழுதாகப் பிரிந்தது பல பேருக்குத் திரும்பச் சேர்வதே இல்லை. ஒரு மாதம் பொறுத்துவிட்டாய், இனி பொறுக்காதே என்று சொல்வது அதனால்தான்.

சரி, எங்கே போவது? நாகர்கோவிலுக்கு பஸ் ஏறி, ஆசாரிபள்ளத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே போய் எலும்பு சிகிச்சைப் பிரிவில் சீட்டுப் போடுங்கள். டாக்டரிடம் "முதுகு வலி" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதே. "நான் வேகப் பந்து போடுகிறவள், வலது கை, வலி இடது பக்கம், பந்தை விடும்போது பிடிக்கிறது, ஒரு மாதமாக இருக்கிறது" என்று சொல். ஆரம்பக் கட்டக் கீறல் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்து, மறுநாளே பந்து போட்டு, பிறகு பெரிய விரிசலோடு வருகிற பிள்ளைகள் உண்டு. அதனால் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். காலில் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீர் போவதில் சிரமம், காய்ச்சலோடு வலி, ராத்திரி தூங்கவிடாத வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் நாள் பார்க்காமல் உடனே போக வேண்டும்.

டாக்டரைப் பார்க்கும் வரை ஓட்டமும் குதிப்பும் வேண்டாம். முதுகைப் பின்னால் வளைக்கும் எதுவும் வேண்டாம். பள்ளியில் யோகா வகுப்பு இருந்தால் புஜங்காசனம், சக்கராசனம் இரண்டுக்கும் விடுப்பு கேள். நடக்கலாம், பள்ளிக்குப் போகலாம். படுத்தே கிடக்க வேண்டிய அவசியம் இல்லை.

தைலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடிபட்டாலும் சுளுக்கினாலும் வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் போவது நம் மாவட்டத்துப் பழக்கம். எண்ணெய் போட்டுத் தடவினால் இறுகிய தசைக்குச் சுகம் கிடைப்பதும் உண்மை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எலும்பில் கீறல் இருக்கலாம் என்ற சந்தேகம் தீரும் வரை உன் முதுகை யாரும் திருகவோ, மிதிக்கவோ, சொடக்கு எடுக்கவோ விடக் கூடாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு பந்து போடுவதும் அதே அளவுக்குத் தப்பு. வலி மட்டும்தான் அடங்கும், எலும்பில் நடப்பது நடந்துகொண்டேதான் இருக்கும்.

இன்னொன்று, இதை அம்மாவிடம் பேசு. உனக்கு மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? மூன்று மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இவ்வளவு ஓடுகிற பெண் பிள்ளை அதற்கேற்பச் சாப்பிடவில்லை என்றால் உடம்பு முதலில் அதைத்தான் நிறுத்தும், அதோடு எலும்பும் பலம் இழக்கும். பந்து போட்டுவிட்டு வெறும் கட்டன் சாயாவோடு படிக்க உட்காருகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடு. மரச்சீனியும் சாளைக் கறியும் நல்ல சாப்பாடு, வயிறு நிறையச் சாப்பிடு. நெத்தோலியை முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். பால், முட்டை, கேழ்வரகு, பயறு எது வீட்டில் கிடைக்கிறதோ அதைச் சேர்த்துக்கொள்.

வலி ஏன் இப்போது வந்தது என்பதற்கு உன் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. முன்பு வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 பந்து. சனி ஞாயிறு மேட்சில் பத்துப் பத்து ஓவர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 270. மாசிக்குப் பிறகு நாளுக்கு 90 பந்து, மேட்சையும் சேர்த்தால் வாரத்துக்கு 570. ஒரே மாதத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது, அதுவும் வெயிலில் காய்ந்து பாறையாகக் கிடக்கிற வயலில், ஓய்வு நாள் ஒன்றுகூட இல்லாமல். 14, 15 வயதுக்கு உட்பட்ட வேகப் பந்து வீச்சாளர்களுக்கு இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வைத்திருக்கும் வரம்பு என்ன தெரியுமா? ஒரே மூச்சில் 6 ஓவர், ஒரு நாளில் 12 ஓவர். ஏழு நாளில் நான்கு நாளுக்கு மேல் போடக் கூடாது, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் போடக் கூடாது. முழு வரம்பையும் தொட்டாலே வாரத்துக்கு 288 பந்துதான். நீ அதைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு போடுகிறாய்.

கோச் சொன்னதற்கு வருகிறேன். உன் ஆக்‌ஷனை நான் பார்க்கவில்லை, ஆனால் அவர் எதைச் சொல்லியிருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. அப்பா தலைமுறைக்குப் பந்து வீச்சு என்றால் கபில்தேவ்தான். பின்கால் கிரீஸ் கோட்டுக்கு இணையாக விழும், இடது தோள் பேட்ஸ்மேனைப் பார்க்கும், இடுப்பும் தோளும் ஒரே பக்கம் திரும்பி இருக்கும். அதில் தப்பே இல்லை. இடுப்பும் தோளும் இரண்டுமே முன்னால் பார்த்தபடி போடுகிற முறையும் உண்டு, அதிலும் தப்பில்லை. பின்காலும் இடுப்பும் முன்னால் பார்த்திருக்க, தோளை மட்டும் பக்கவாட்டுக்கு இழுத்துத் திருப்புவதுதான் சிக்கல். அப்போது நடுவில் இருக்கும் முதுகெலும்பு துணி பிழிவது போல முறுகும். இந்தக் கலப்பு முறைக்கும் கீழ் முதுகுக் கீறலுக்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சின்ன வயதில் அப்பாவைப் பார்த்துத் தோளைத் திருப்பும் விதத்தை மட்டும் கற்றுக்கொண்டு, காலை உன் போக்கில் ஊன்றக் கற்றிருப்பாய். நிறையப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் நடக்கிறது. போனில் ஸ்லோ மோஷனில் பின்பக்கம் இருந்தும் பக்கவாட்டில் இருந்தும் எடுத்த பழைய வீடியோ இருந்தால், அப்பாவும் கோச்சும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கட்டும். அந்த வீடியோவுக்காகப் புதிதாக ஒரு பந்துகூடப் போட வேண்டாம்.

அடுத்த மாதத் தேர்வுக்குப் போகாதே. இதை எழுதும்போது எனக்கே மனசு கஷ்டமாக இருக்கிறது, ஆனால் வேறு பதில் இல்லை. கீறல் என்று உறுதியானால் குறைந்தது மூன்று மாதம் பந்து கிடையாது, அப்புறம் படிப்படியாகத் திரும்பி வர இன்னும் சில மாதம் ஆகும். பாட் கம்மின்ஸ் 2011இல் 18 வயதில் ஆஸ்திரேலியாவுக்கு முதல் டெஸ்ட் ஆடி ஏழு விக்கெட் எடுத்தார். அடுத்த டெஸ்டுக்கு அவர் 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, பெரும் காரணம் முதுகுக் கீறல்தான். நம் இந்திய அணியின் பும்ராவுக்கு 2019இல் வந்தது, 2022இல் மறுபடி வந்தது, 2023இல் ஆபரேஷன் வரைக்கும் போனது. இரண்டு பேரும் திரும்பி வந்து உலகத்தின் முதல் வரிசையில் நின்றார்கள். வேகப் பந்து வீச்சாளர் ஜூலன் கோஸ்வாமி 2002இல் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கி 2022 வரை பந்து போட்டார். உனக்கு 19 வயதுக்கு உட்பட்டோர் அணிக்கே இன்னும் பல வருடம் இருக்கிறது.

இனி அப்பா. உன் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி வலியைப் பற்றியது இல்லை, ஊசி போட்டுக்கொண்டு ஆடிய ஃபைனலைப் பற்றியது. உன் வீட்டில் அது பெருமையான கதை. ஜெயித்த கதையாகத்தான் நீ அதை நூறு தடவை கேட்டிருப்பாய். ஆனால் அந்த மேட்சோடு அப்பாவின் தோள் போய்விட்டது என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது. வலியை மறைத்தால்தான் நல்ல பௌலர் என்று உனக்கு யாரும் நேராகச் சொல்லித் தரவில்லை. அந்தக் கதையிலிருந்து நீயாக எடுத்துக்கொண்டாய். அப்பாவுக்கு இது தெரிந்தால் பதறிப்போவார் என்று நினைக்கிறேன். வலியோடு ஆடினால் பிறகு என்ன ஆகும் என்பது உன் வீட்டில் வேறு யாரையும்விட அவருக்குத்தான் தெரியும்.

அதனால் சுற்றி வளைக்காதே. வயலுக்குக் கிளம்புகிற நேரத்தில் சொல்லாதே, அப்போது "இன்னைக்கு மட்டும் மெதுவா போடு" என்று பேச்சு போய்விடும். சாயா குடித்துக்கொண்டு சும்மா இருக்கிற நேரமாகப் பார்த்து, "அப்பா, பந்து விடும்போது இங்க நோவுது, ஒரு மாசமா இருக்கு. ஒங்களுக்கு மனசு கஷ்டமாவும்னு சொல்லல்ல. என்னை ஆசாரிபள்ளத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று இடத்தைத் தொட்டுக் காட்டிச் சொல். நேராகச் சொல்ல வாய் வரவில்லை என்றால் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள். அதுவும் முடியாவிட்டால் இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடு. அவர் முதலில் சத்தம் போடலாம், "ஏன் முன்னமே சொல்லல்ல" என்று கேட்கலாம். அது பயத்தில் வருகிற சத்தம். பொறுத்துக்கொள்.

பந்து போடாவிட்டால் என்ன பேசுவோம் என்று கேட்டிருந்தாய். பும்ரா சின்ன வயதில் வீட்டுக்குள் பந்து போடுவாராம். அம்மா மத்தியானம் தூங்கும்போது சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக, சுவரும் தரையும் சேர்கிற மூலையில் விழுகிற மாதிரி போட்டுப் பழகியதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த அம்மா பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை, பந்து வீச்சு சொல்லிக் கொடுத்தவர் இல்லை. ரேணுகா சிங் தாக்கூரின் அப்பாவுக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். மகளுக்கு மூன்று வயதானபோதே அவர் இறந்துவிட்டார், மகள் இந்திய அணியின் வேகப் பந்து வீச்சாளர் ஆனாள். ஒன்றாகப் பந்து போட்ட ஒரு நாள்கூட இல்லாமலேயே அந்த ஆசை அப்பாவிடமிருந்து மகளுக்கு வந்திருக்கிறது. உனக்கு அப்பா பக்கத்தில் இருக்கிறார், பல வருடத்து ஆட்டம் அவர் தலைக்குள் இருக்கிறது. பேட்ஸ்மேன் பிடி எப்படி இருந்தால் எங்கே அடிப்பான், காற்று எந்தப் பக்கம் வீசினால் எந்த முனையிலிருந்து போட வேண்டும், மூன்று பந்து வெளியே போட்டுவிட்டு நாலாவதை உள்ளே கொண்டுவருவது எப்போது என்றெல்லாம் ஓடி ஓடிப் பந்து போட்டபோது கேட்க நேரமே இருந்திருக்காது. நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கமோ பக்கத்து ஊர் மைதானமோ, மேட்ச் நடக்கிற இடத்துக்கு இரண்டு பேரும் போய் உட்காருங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது என்று நீ குறி, ஏன் அங்கே போட்டான் என்று அவர் சொல்லட்டும்.

இனி அப்பாவுக்கு. அண்ணாச்சி, உங்கள் மகள் பந்தை விட்டுவிட நினைக்கவில்லை. உங்களோடு பந்து போடுவது நின்றுவிடுமே என்றுதான் வலியை மறைத்திருக்கிறாள். அதை முதலில் மனசில் வையுங்கள். ரப்பர் மரத்தைத் தினமும் வெட்ட மாட்டீர்கள், ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவீர்கள். இலை உதிர்கிற காலத்தில் கத்தியை எடுத்து வைத்துவிடுவீர்கள். ஆசைப்பட்டுக் கூடுதலாக வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுபோகும் என்று எங்களைவிட உங்களுக்குத் தெரியும். வளர்கிற பிள்ளையின் முதுகுக்கும் அதே கணக்கு வேண்டும். கோச்சோடு கோபம் வேண்டாம். வேகமாக ஓடி வரும் தைரியத்தையும் பந்தின் மேல் ஆசையையும் கொடுத்தது நீங்கள், அதை அவர் மாற்றப் போவதில்லை, காலும் இடுப்பும் எப்படி விழ வேண்டும் என்பதைத்தான் சரி செய்யச் சொல்கிறார். ஊசி போட்டு ஆடிய கதையை இனிச் சொல்லும்போது தோளுக்கு என்ன ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆசாரிபள்ளத்துக்கு நீங்களே கூட்டிப் போங்கள், வேறு யாரையும் அனுப்ப வேண்டாம். அதற்குள் வெட்டு மறுபடி தொடங்கியிருந்தாலும் போங்கள்.

மகளே, டாக்டர் பார்த்த பிறகு ஸ்கேன் முடிவோடு மறுபடி எழுது. எப்போது நின்ற இடத்திலிருந்து போடலாம், எப்போது பாதி ஓட்டம், எப்போது முழு வேகம் என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவரை வயிற்றுக்கும் இடுப்புக்கும் என்ன பயிற்சி என்பதை அங்கே இருக்கும் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார். அப்பா தன் காலத்துப் பந்தையே உனக்குக் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆண்கள் பந்து 156 முதல் 163 கிராம் வரை இருக்கும், பெண்கள் ஆடும் பந்து 140 முதல் 151 கிராம்தான், சுற்றளவும் கொஞ்சம் சின்னது. திரும்பி வரும்போது அந்தப் பந்தில் ஆரம்பி. அடியில் மெத்து இருக்கும் ஷூவும் வாங்கிக்கொள், காய்ந்த வயலில் வெறுங்காலோடு ஓடி வந்து காலை ஊன்றாதே.